பௌத்திர அறுவைக்குச் சம்மதிக்கும் முன் குடலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்

என் தம்பிக்கு ஆசனவாய்க்கு அருகில் வந்த சீழ்க்கட்டி உடைந்து, ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. குடலின் உள்ளிருந்து ஆசனவாய்க்கு அருகிலுள்ள தோல்வரை இப்படி உண்டாகும் பாதையைத்தான் பௌத்திரம் என்பார்கள். 'மூலம், பௌத்திரம்: ஒரே நாளில் லேசர் சிகிச்சை, மீண்டும் வராது' என்று பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் செய்திருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். பல மாதங்களாக வயிற்றுப்போக்கு இருப்பதையும், வலது அடிவயிறு வலிப்பதையும், உடல் மெலிந்துவிட்டதையும் அவன் சொன்னான், அம்மாவும் சொன்னார். மருத்துவர் விரலால் சோதித்துவிட்டு, மேசைமேல் இருந்த பேக்கேஜ் அட்டையை எங்கள் பக்கம் திருப்பினார். கொலனோஸ்கோப்பியோ (பெருங்குடலுக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை) எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுக்கச் சொல்லவில்லை. வெட்டியெடுத்த சதையைக்கூடப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.

புண் ஆறாததால், மறுபடியும் பணம் வாங்கிக்கொண்டு மறுபடியும் அறுத்தார்கள். அதன்பின் அவனால் மலத்தை அடக்க முடியவில்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லையென்று அவன்மீதே பழி போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொலனோஸ்கோப்பி செய்து, திசுவைப் பரிசோதித்து, ஏறத்தாழ இதே தோற்றத்தில் வரும் குடல் காசநோய் இல்லை என்பதையும் பார்த்த பிறகே, இது குரோன் நோய் என்றார்கள். வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்தையும் தாக்கக்கூடிய இந்த அழற்சியின் ஒரு வெளிப்பாடாகவே பௌத்திரம் வருவதுண்டு. அழற்சி தணியாத நிலையில் அதைக் கீறினால் புண் ஆறாமல் போவதோடு, மலத்தை அடக்கும் தசையும் சேதமடையலாம். ஆகவே அங்கே முதலில் சீழை வடித்து, பாதை மூடிக்கொள்ளாதபடி 'சீட்டன்' என்ற நூலைத் தளர்வாகக் கட்டினார்கள். பிறகு மறைந்திருக்கும் காசநோய்க்கும் சோதித்துவிட்டு, நோய் எதிர்ப்பைக் குறைத்து அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியைத் தொடங்கினார்கள். இதைப் போன்ற இன்னொரு குடல் நோயான பெருங்குடல் புண் அழற்சி நோயில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுவதும் அகற்றினால் குடல் நோய் நீங்கிவிடும். குரோன் நோயிலோ, கெட்ட பகுதியை வெட்டி இணைத்தாலும் இணைத்த இடத்திலேயே திரும்ப வரக்கூடும். எனவே, 'மீண்டும் வராது' என்று எவரும் உறுதி கொடுக்க முடியாது.

நாள்பட்ட வயிற்றுப்போக்கோ எடைக்குறைவோ உள்ளவருக்குப் பௌத்திரம் வந்தால், கத்தியானாலும் லேசரானாலும், குடலைப் பரிசோதிக்காமல் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சை ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எங்களுக்கு வாய்மொழியாக மறுத்தவர்கள், எழுத்துமூலம் கேட்ட பிறகே கொடுத்தார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.