வைஃபை கார்டு போச்சுன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) போட்ட லேப்டாப் வச்சிருக்கறவங்க இதைப் படிச்சிடுங்க. 2,600 ரூபாய் தண்டம் கட்டிட்டு எழுதுறேன்.

மீட்டிங்ல நான் பேசினா அந்தப் பக்கம் துண்டு துண்டாத்தான் கேட்குது. ஆபீஸ் சர்வர்ல டைப் பண்ணா எழுத்து தயங்கித் தயங்கி வருது. அதே மேஜையில மனைவியோட போனுக்கு ஒரு குறையும் இல்ல. ரிச்சி தெருவுல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

"லினக்ஸா சார்? அதுல கார்டு சீக்கிரம் அடி வாங்கும்" என்றார் கடைக்காரர். அப்பவே நான் கிளம்பியிருக்கணும். பத்து நிமிஷத்துல புது கார்டு மாட்டி, ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, 90 எம்பிபிஎஸ் காட்டினார். காசைக் கொடுத்துட்டு வந்துட்டேன். பில் கேட்கல, பழைய கார்டையும் கேட்கல.

வீட்டுக்கு வந்தா அதே தயக்கம்.

அன்னிக்கு ராத்திரிதான் டெர்மினல்ல ரூட்டருக்கு பிங் அடிச்சுப் பார்த்தேன், அதாவது சின்னதா ஒரு செய்தி அனுப்பி பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு. பக்கத்து அறையில இருக்கிற ரூட்டர். 3 மில்லி செகண்ட்ல வரவேண்டிய பதில் ஒரு தடவை 90, அடுத்து 140, 200ன்னு ஆடுது. காரணம் பவர் சேவ். பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டு நடுநடுவுல தூங்கிடும். அந்த நேரத்துல வர்ற டேட்டாவை ரூட்டர் பிடிச்சு வச்சுக்கிட்டு, தான் விட்டு விட்டு அனுப்புற பீக்கன்ங்கிற அறிவிப்புல "உனக்கு வந்திருக்கு"ன்னு சொல்லும். பீக்கன் வழக்கமா 102.4 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான். கார்டு முழிச்சு வாங்குற வரைக்கும் காத்திருப்புதான். ஸ்பீடு டெஸ்ட்ல இது மாட்டாது. டேட்டா கொட்டிக்கிட்டே இருந்தா கார்டுக்குத் தூங்க நேரம் ஏது? கடைக்காரர் காட்டின 90 பொய் இல்ல, ஆனா என் பிரச்சினைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி பண்ண ரெண்டு நிமிஷம் ஆச்சு. இடிசி ஃபோல்டருக்குள்ள நெட்வொர்க் மேனேஜர், அதுக்குள்ள கான்ஃப்-டி. அங்க வைஃபை பவர்சேவ் பேர்ல ஒரு ஃபைலை உபுண்டுவே வச்சிருக்கு. உள்ள மதிப்பு 3ன்னு இருக்கும், அதாவது பவர் சேவ் ஆன். சூடோ (அட்மின் அனுமதி) போட்டுத் திறந்து 2 ஆக்கினா ஆஃப். நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் பண்ணேன், பிங் 3லயே நின்னுடுச்சு. பேட்டரி கொஞ்சம் கூடுதலா இறங்கும், எனக்குப் பரவாயில்ல. லேப்டாப்ல டிஎல்பிங்கிற பேட்டரி சேமிப்பு புரோகிராம் போட்டிருந்தா அதையும் பாருங்க. பேட்டரியில ஓடும்போது அதுவும் பவர் சேவை ஆன் பண்ணும்.

கார்டு நிஜமாவே செத்திருந்தா பெரும்பாலும் டிவைஸ் லிஸ்ட்லயே வராது. என்னோடது முதல் நாள்லேர்ந்து வந்துக்கிட்டுதான் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போன் போட்டேன். "அது சாஃப்ட்வேர் சார், நாங்க ஹார்ட்வேர் மட்டும்தான் பார்ப்போம்" என்றார். பழைய கார்டாவது கொடுங்கன்னு கேட்டேன். அது அன்னிக்கே வேற லேப்டாப்புக்குப் போயிடுச்சாம்.