மூலக்கூறு மாடல் பெட்டி: ஒரு வருடம் கையாண்ட பிறகு

குலசேகரத்தில் வீட்டுத் திண்ணையில் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். போன ஜூனில் நாகர்கோவில் கடை ஒன்றில் 650 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்கினேன். கறுப்பு உருண்டை கார்பன், நாலு துளை. சிவப்பு ஆக்சிஜன், ரெண்டு துளை. வெள்ளை ஹைட்ரஜனுக்கு ஒரே துளை. சேர்க்கக் குட்டைக் குச்சிகள், இரட்டைப் பிணைப்புக்கு வளையும் நீளக் குச்சிகள்.

துளைகளின் கோணம் அருமை. மீத்தேனைச் செய்து தரையில் வைத்தால் மூன்று காலில் நிற்கும், நாலாவது நேராக மேலே நீட்டும். 109.5 பாகை என்று போர்டில் எழுதியபோது தலையாட்டிய பிள்ளைகள் அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

குறை குச்சியில்தான். முதல் நாளே ஒரு பையன், "குச்சிதான் எலக்ட்ரானா டீச்சர்?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை, பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ரெண்டு ஹைட்ரஜன் ஆளுக்கொரு எலக்ட்ரானைக் கொண்டுவருகின்றன. அந்த ஜோடியை ரெண்டு அணுக்கருவும் தம் பக்கம் இழுக்கின்றன. அந்த இழுப்புதான் சகப்பிணைப்பு. அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் 1916லேயே சொன்ன இந்த ஜோடி, பெட்டியில் எங்குமே இல்லை.

சரி என்று மார்க்கரை எடுத்து, ஒவ்வொரு குச்சியின் நடுவிலும் ரெண்டு புள்ளி வைத்தேன். முதலில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. அப்புறம் அழித்துவிட்டு ரெண்டையும் கறுப்பாக்கினேன். சேர்ந்த பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாதே. தண்ணீருக்கு மட்டும் தனியாக ரெண்டு குச்சி. அதில் புள்ளிகளை ஆக்சிஜன் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன், அதற்கு இழுப்பு அதிகம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரப்பர் பாடம். பாதிப் பிள்ளைகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன் கொண்ட ஒரு கண்ணியைச் செய்து, "இதைப் போல ஆயிரக்கணக்கில் கோத்ததுதான் மக்களே உங்க அப்பா சிரட்டையில் பிடிக்கிற பாலில் இருக்கிற ரப்பர்" என்றேன். ஒற்றைக் குச்சியைத் திருகினால் சுற்றுகிறது, இரட்டைக் குச்சி சுற்ற மறுக்கிறது. இரட்டைப் பிணைப்பின் குணத்தை இந்தப் பெட்டி சரியாகக் காட்டுகிறது. நீளத்தில்தான் ஏமாற்றுகிறது: இரட்டைப் பிணைப்பு நிஜத்தில் குட்டை, 134 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீட்டர்), ஒற்றை 154. அதை வாயால்தான் சொல்ல வேண்டும்.

டயர் ரப்பருக்குக் கந்தகம் வேண்டும், ரெண்டு சங்கிலிகளைப் பாலம்போல் இணைக்க. மஞ்சள் உருண்டை ரெண்டு என்று அட்டையில் போட்டிருக்கிறது, எனக்கு வந்தது ஒன்று. கடைக்குப் போன் செய்தேன், அனுப்புகிறோம் என்றார்கள், இதுவரை வரவில்லை. ஆக்சிஜன் உருண்டை ஒன்றுக்கு மஞ்சள் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டேன். கந்தகமும் ஆக்சிஜனும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி, ரெண்டுக்கும் ரெண்டு துளை, பொருந்திவிட்டது.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி போதாது, வெள்ளை உருண்டைக்குத்தான் அடிபிடி. வரும் ஜூனில் இன்னொன்று வாங்கப் போகிறேன். நீங்கள் வாங்கினால் கடையிலேயே திறந்து எண்ணிப் பாருங்கள், முக்கியமாக மஞ்சள்.