பழைய பென்ஸுக்கு டிராக்ஸ் மெக்கானிக்: கிருஷ்ணகிரி டீசல் ஒர்க்ஷாப் அனுபவம்

என்னிடம் 1982 மாடல் மெர்சிடிஸ் 240டி இருக்கிறது. டபிள்யூ123 பாடி (அந்த மாடல் வரிசைக்குக் கம்பெனி வைத்த பெயர்), நாலு கியர். இந்த மாதிரி பழைய ஐரோப்பிய கார் என்றாலே பெங்களூருக்குத்தான் போகணும் என்று எல்லோரும் சொல்ல, நானும் அங்கே ஓரிடத்தில் விட்டு நாலு மாதம் காத்திருந்தேன். கடைசியில் டீசல் பம்பையே மாற்றணும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும் என்று ஒரு பெரிய தொகையை எழுதி நீட்டினார்கள். வேண்டாம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

கோளாறு இரண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒரு நிமிஷம் வண்டி குலுங்கும், பின்னால் வெள்ளைப் புகை. அடுத்தது, சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. ஒவ்வொரு முறையும் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஸ்டாப் என்று எழுதிய சிவப்பு லீவரை அமுக்கித்தான் நிறுத்த வேண்டும்.

அஞ்செட்டி பக்கம் டிராக்ஸ் ஜீப் ஓட்டும் என் மாமா பையன்தான் சொன்னான், "அண்ணா, அது நம்ம டிராக்ஸ் எஞ்சின்தாங்க, எதுக்கு பெங்களூர் போறீங்க?" உண்மைதான். இந்தக் காரில் இருப்பது ஓஎம்616 என்ற எஞ்சின், 2.4 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல். இதே எஞ்சினை பஜாஜ் டெம்போ, அதாவது இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், மெர்சிடிஸிடம் லைசென்ஸ் வாங்கி நம் நாட்டிலேயே தயாரித்து டிராக்ஸிலும் டிராவலரிலும் போட்டது. மலைக்கிராமத்து மேட்டில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு ஏறுகிற அந்த வண்டிகளின் எஞ்சினும் ஸ்டட்கார்ட் காரின் எஞ்சினும் ஒரே குடும்பம் என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை.

ஒர்க்ஷாப் ராயக்கோட்டை ரோட்டில், தகர ஷெட். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும், சின்னப் பையனாக இருந்ததிலிருந்து டெம்போ வேலைதான். நான் போனது மத்தியானம். கையை பானெட் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு சார், இப்ப தொட்டா வால்வு அளவு தப்பா வரும், விட்டுட்டுப் போங்க, காலையில பார்க்கலாம்" என்றார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்தக் காரின் பானெட் செங்குத்தாக நிற்கும், அதனால் எஞ்சின் மொத்தமும் வெளிச்சத்தில். வால்வு கவரைக் கழற்றி, 14 ஸ்பேனர் இரண்டை எடுத்தார், இரண்டுமே காய்ச்சி வளைத்தவை, அவரே செய்தது, நேர் ஸ்பேனர் அந்தச் சந்துக்குள் நுழையாது. வால்வு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து இழுத்துப் பார்க்கிறார். இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வில் கேஜ் உள்ளேயே போகவில்லை. வால்வு முழுசாக மூடாவிட்டால் குளிரில் கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? மீட்டர் வைத்துப் பார்த்ததில் குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடாக்கித் தரும் நாலு ஹீட்டர் பிளக்கில் ரெண்டு செத்திருந்தது. டீசலைத் தெளிக்கும் நாசில்களை டெஸ்டரில் போட்டு அடித்தபோது மூன்று பனிமூட்டம் மாதிரி சிதறியது, ஒன்று மட்டும் சொட்டியது. டிராக்ஸ் நாசிலை அப்படியே எடுத்து மாட்டிவிடவில்லை, பழையதைப் பக்கத்தில் வைத்து நம்பர் ஒப்பிட்ட பிறகுதான் கை வைத்தார்.

எஞ்சின் நிற்காததற்குக் காரணம் பம்பே இல்லை. இந்தக் காரில் எஞ்சினை நிறுத்துவதும் வேக்கம்தான் (குழாயில் காற்றை உறிஞ்சும் இழுப்பு), கதவு லாக்கும் வேக்கம்தான், பின் கதவு ஒன்றின் லாக்கில் ரப்பர் கிழிந்து காற்று கசிந்திருக்கிறது. கதவுக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டு சாவியைத் திருப்பினார். டக்கென்று நின்றது. பம்பை மாற்றச் சொன்னவர்கள் இந்தக் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்த ஞாயிறு சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம் மூன்றாவது கியரிலேயே ஏறியது. 72 குதிரைத்திறன் வண்டி, வேகமெல்லாம் எதிர்பார்க்கக்கூடாது, ஆனால் கண்ணாடியில் புகை தெரியவில்லை. எனக்கு அது முக்கியம், ஏனென்றால் 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டினால்தான் விண்டேஜ் பதிவு, என் வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ப் புதுப்பித்தாக வேண்டும்.

குறையும் சொல்லணும். எஞ்சின், நாசில், கியர்பாக்ஸ் தாண்டி இவரிடம் எதுவும் கொடுக்காதீர்கள். பெயின்ட், சீட், வயரிங் அவருக்கே ஆர்வம் இல்லை. வண்டி ஷெட்டுக்கு வெளியே வெயிலில்தான் நிற்கும், க்ரோம் பம்பர் மேல் டூல்ஸ் வைக்கிறார்கள், நான் ஒரு பழைய போர்வையைக் கொண்டுபோய் விரித்தேன். முழு பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். ஜாகுவார், போர்ஷே மாதிரி பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் உதவாது. பழைய பென்ஸ் டீசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

மாங்காய் சீசனில் மட்டும் போக வேண்டாம், மண்டிக்கு லோடு அடிக்கும் வண்டிகள் வரிசையில் நிற்கும், அவருக்கு அவர்கள்தான் முதலில். கதவு லாக் ரப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை நாலு கதவையும் கையால்தான் பூட்டுகிறேன்.