10 > 5: பாஷ், ஃபிஷ், பவர்ஷெல் மூன்றும் என்ன சொல்கின்றன?

பாஷ், ஃபிஷ், பவர்ஷெல் மூன்றும் ஷெல்கள், அதாவது கணினிக்குக் கட்டளைகளை எழுத்தில் கொடுக்க உதவும் மொழிகள். இவற்றின் ஒதுக்கப்பட்ட சொற்களை (மொழியே தனக்கென வைத்துக்கொண்ட சொற்களை) ஒப்பிடுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது மூடும் சொற்களைத்தான். பாஷில் 'இஃப்' என்று திறந்தால் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப்போட்டு 'ஃபி' என்று மூட வேண்டும், 'கேஸ்' என்றால் 'எசாக்'. பாஷுக்கு முன்னோடியான ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்ன் அல்கால் 68 என்ற பழைய நிரல் மொழியிலிருந்து கொண்டுவந்த பழக்கம் இது. ஃபிஷில் எல்லாவற்றுக்கும் 'எண்ட்' போதும். பவர்ஷெல்லில் நெளிவு அடைப்புக்குறி. படிக்க ஃபிஷ்தான் சுலபம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூடும் சொல்லை மறந்தால் மூன்றுமே பிழை காட்டிவிடும். சத்தமில்லாமல் கவிழ்ப்பது வேறு: நிபந்தனையில் வரும் > குறி.

பாஷில் [ என்பது சாதாரண கமாண்ட், [[ ஒதுக்கப்பட்ட சொல். நிபந்தனையில் [ 10 > 5 ] என்று எழுதிப் பாருங்கள். கமாண்டுக்குப் பின் வரும் > வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும். ஆகவே '5' என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் முளைக்கும். [ கையில் கிடைப்பது 10 மட்டும். அது காலியாக இல்லை, எனவே 'உண்மை'. 5 > 10 என்று மாற்றினாலும் அதே பதில்தான்! சரி, [[ 10 > 5 ]]? ஃபைல் முளைக்காது, ஆனால் எழுத்து வரிசைப்படி ஒப்பிடுவதால் பதில் 'பொய்'. எண்களுக்கு (( 10 > 5 )) தான் சரி.

அப்புறம் ஏன் [[ வேண்டும்? அதற்குள் மாறியின் (மதிப்பைச் சுமக்கும் பெயரின்) மதிப்பு இடைவெளி வரும் இடத்தில் துண்டாகாது. பெயரில் இடைவெளி உள்ள ஃபைலை மாறியில் வைத்து மேற்கோள்குறி இல்லாமல் [ இடம் கொடுத்தால் அது திணறும்.

ஃபிஷில் [[ கிடையாது. அங்கே மாறிகள் எங்குமே துண்டாவதில்லை, அதனால் தேவைப்படவில்லை. ஆனால் > பொறி அங்கேயும் உண்டு.

பவர்ஷெல்லிலும் இஃப் (10 > 5) என்றால் '5' என்ற ஃபைலில் 10 போய் உட்காரும், பதில் 'பொய்'. இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் 'ஃபார்ஈச்'. வரியின் தொடக்கத்தில் அது ஒதுக்கப்பட்ட சொல், பைப்புக்குப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் | குறிக்கு) பின் வந்தால் வேறொரு கமாண்டின் சுருக்கப் பெயர். முதலாவதில் 'கன்டினியூ' அடுத்த சுற்றுக்குப் போகும். இரண்டாவதில் அதற்கு 'ரிட்டர்ன்' போட வேண்டும்.

என் தேர்வு பாஷும் [[ உம்தான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே குறிப்பிடுங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் வெறும் எஸ்ஹெச் என்றால் டாஷ் என்ற வேறொரு ஷெல் ஓடும். அதற்கு [[ தெரியாது, 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு நேராக 'எல்ஸ்' பக்கம், அதாவது நிபந்தனை பொய்யானால் ஓடும் பகுதிக்குப் போய்விடும்.