ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்டுக்கு இந்த அக்காகிட்ட போங்க

திண்டிவனத்துல தையல் வேலை செய்யறேன். நான் எட்டாவது, வீட்டுக்காரர் ஆறாவது. பெரிய பொண்ணு நிதியுதவிப் பள்ளியில ப்ளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போட்டா. வீட்டுல முதல் ஆளா டிகிரி படிக்கப் போறவங்களுக்கு அரசு கொடுக்கிற ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட் அவளுக்கு வேண்டியிருந்துச்சு. இந்த இ-சேவை மையத்துக்கு வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு பிரவுசிங் சென்டர்ல 300 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். போன் நம்பர் கேட்ட இடத்துல அவங்க நம்பரையே போட்டுட்டாங்க. மனு திரும்பிட்டதா வந்த மெசேஜ் எங்களுக்கு வரவே இல்ல. 12 நாள் வீணாப் போச்சு.

இங்க இருக்கிற அக்கா முதல்ல கேட்டதே என் போன் நம்பரைத்தான். உறுதிமொழிப் படிவத்துல ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்கன்னு எல்லார் படிப்பையும் எழுதணும். தாத்தா பாட்டி நாலு பேருக்கும் 'பள்ளிக்கூடம் போனதில்லை'ன்னு எழுதறப்ப பொண்ணு கண்ணுல தண்ணி. வெளியில பத்து பேர் நின்னாங்க, அக்கா அவசரப்படுத்தல. "உள்ளதை எழுதும்மா, இதுக்குத்தானே இந்த சர்டிபிகேட்டே"ன்னாங்க. வாங்கினது 60 ரூபாய், ரசீதோட. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) எல்லாம் பார்த்து ஆறாம் நாள் சர்டிபிகேட் வந்துடுச்சு.

கவுன்சலிங்ல எடுக்கிற சீட்டுக்குத்தான் டியூஷன் ஃபீஸ் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது, ஹாஸ்டலும் பஸ்ஸும் நாமதான் பார்த்துக்கணும்னு அக்கா முன்கூட்டியே சொல்லிட்டாங்க. வீட்டுல ஒருத்தருக்குத்தான்னு சொன்னப்பதான் மனசு கனத்துப் போச்சு. சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான்.

அவன் எந்த ஸ்கூல்னு அக்காவே கேட்டாங்க. கவர்மென்ட் ஸ்கூல்னேன். ப்ளஸ் ஒன்னுக்கு பிரைவேட்ல சேர்க்கலாம்னு சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தை ஒதுக்கி வச்சிருந்ததையும் சொன்னேன். "மாத்திடாதீங்கம்மா"ன்னு பதறிட்டாங்க. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சாத்தான், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு காலேஜ் சீட்ல தனியா ஒதுக்கற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதுல இன்ஜினியரிங் சீட் கிடைச்சா ஃபீஸை அரசே கட்டும். காலேஜ் போனா அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் உண்டு. இதைச் சொல்ல அக்கா காசு எதுவும் கேக்கல. நாங்க கேக்கவும் இல்ல, அவங்களா சொன்னது. அவனை மாத்தல.

மாடிப்படி செங்குத்து, வயசானவங்களுக்குக் கஷ்டம். நாற்காலி ரெண்டே ரெண்டு. ரிசல்ட் வந்த வாரம் போனா நாள் முழுக்க நிக்கணும், ஏப்ரல்லயே போயிடுங்க. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையோட டிசி, போட்டோ எடுத்துட்டுப் போங்க. உங்க போனையும் மறக்காதீங்க.