சாரல் சீசனைத் தாண்டிய போட்டோ ஃபிரேம்

வீட்டில் டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் செய்யக் கற்றுத்தரும் வீடியோக்கள், திரையில் படம் ஓட ஆரம்பித்ததும் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. செங்கோட்டையில் எங்கள் வீட்டு ஃபிரேம் சில சாரல் சீசன்களைப் பார்த்தாகிவிட்டது. இங்கே அதற்குப் பெரிய எதிரி கரண்ட்தான்.

பழுதான லேப்டாப்பில் கழற்றிய திரை, அதை இயக்கும் கன்ட்ரோலர் போர்டு, ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி, ஒரு மரச்சட்டம். இவ்வளவுதான் பொருட்கள். கன்ட்ரோலர் போர்டு வாங்கும்போது திரையின் அளவைச் சொன்னால் போதாது, பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்ல வேண்டும். படம் ஓட்ட ஃபெஹ் என்ற இலவச மென்பொருள்.

ராஸ்பெர்ரி பையில் நினைவகம் (ரேம்) 512 எம்பி. போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் ஒன்றை விரித்தாலே 48 எம்பி வரை பிடிக்கும். 1366க்கு 768 திரைக்கு அது வீண். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் எல்லாப் படங்களையும் சுருக்கியதும், படம் மாறும்போது இருந்த திணறல் நின்றது.

இனி கரண்ட் கதை. சாரல் நேரத்தில் இங்கே மின்சாரம் வந்து வந்து போகும். ராஸ்பெர்ரி பை இயங்குவது ஒரு மெமரி கார்டிலிருந்து. அதில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் இருப்பது கெட்டுப்போகலாம். முதல் சீசனிலேயே ஒரு கார்டு காலி. ராஸ்பெர்ரி பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் எழுத வேண்டியதெல்லாம் நினைவகத்தோடு நின்றுவிடும், கார்டைத் தொடாது. படங்களைத் தனி பென் டிரைவில் வைத்தேன். அதற்குப் பிறகு கார்டு போகவில்லை.

ஆனால் இன்னொரு கூத்து ஆரம்பித்தது. ஜீரோவில் பேட்டரி கடிகாரம் கிடையாது, நேரத்தை இணையத்தில்தான் கேட்டுக்கொள்ளும். மழையில் கரண்டோடு இணையமும் போய்விடும். திரும்ப எழும்பும்போது, ஓவர்லேயை இயக்கிய பழைய தேதியிலேயே ஃபிரேம் நிற்கும். இரவு பத்து மணிக்கு அணைய வேண்டிய திரை நடுச்சாமத்தில் பளிச்சென்று எரியும். "இத முதல்ல பிடுங்கிப் போடுல" என்று அம்மா சத்தம் போட்டார். டிஎஸ் 3231 என்ற சின்னக் கடிகார மாட்யூலைச் செருகியதும் சரியானது. சாரல் ஊர்க்காரர்கள் முதல் நாளே இதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மற்றபடி அம்மாவுக்கு ஃபிரேம் பிடித்திருக்கிறது. அகலப் பாதைக்காக 2010இல் நிறுத்தப்பட்ட புனலூர் மீட்டர்கேஜ் ரயிலின் படங்கள் வந்தால், நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பார். அதற்காகவே ஓரத்தில் ஒரு பட்டன் வைத்தேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பயன்படுவது அதுதான்.

தீராத குறை ஒன்றுண்டு. என்னுடையது டிஎன் வகைத் திரை, கீழிருந்து பார்த்தால் முகமெல்லாம் கருத்துவிடும். தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால், எந்தப் பக்கமிருந்தும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகைத் திரையாகத் தேடுங்கள். பழைய திரை கையில் இல்லாதவர்களுக்குக் கடையில் விற்கும் ஃபிரேமே லாபம்.