பேஸும் ரோவரும்: ஆறு ஆண்டு அனுபவம்

நெல்லைப் பக்கம் நிலம் அளப்பது என் தொழில். டோட்டல் ஸ்டேஷன் என்ற முக்காலி அளவைக் கருவியைத் தூக்கிச் சுமந்த தோள், ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு செயற்கைக்கோள் ரிசீவர்களுக்கு மாறியது: ஓரிடத்தில் நிற்கும் பேஸ், கையில் கொண்டு நடக்கும் ரோவர்.

செல்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும். வரப்புத் தகராறில் அதை நம்பி வாயைத் திறக்க முடியாது. இந்த ஜோடியில், இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் பேஸை முக்காலியில் நிறுத்தினால், அது செயற்கைக்கோள்களிடமிருந்து பெறுவதை ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் பொதுவான பிழைகளை ரோவர் கழித்துவிடும். கணக்கு உறுதியாகி ரோவர் திரையில் 'ஃபிக்ஸ்' வந்தால் பிழை ஓரிரு சென்டிமீட்டர்தான். கணக்கு இன்னும் உறுதியாகாமல் 'ஃப்ளோட்' என்று காட்டும்போது மட்டும் எல்லைக்கல் நடாதீர்கள்.

முதல் ஆண்டு பட்ட அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். பம்புசெட் மாடியில் அடித்த ஆணிமேல் பேஸை வைத்து, 'இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்' என்ற பொத்தானை அழுத்தி நாலு கல் நட்டேன். மறுநாள் அதே ஆணிமேல் வைத்து அதே பொத்தானை மறுபடி அழுத்தினேன். முதல் நாள் கற்கள் எல்லாம் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றன. "கல் ராத்திரியில் நடந்து போய்விட்டதா தம்பி?" என்று நிலத்துக்காரர் கேட்டார். கருவிமேல் குற்றமில்லை. பேஸ் தனியாகத் தன் இடத்தைக் கணிக்கும்போது அதுவும் செல்பேசி மாதிரிதான். ஒவ்வொரு முறையும் ஒரு விடை சொல்லும். அன்றிலிருந்து ஆணியின் இருப்பிட எண்களை நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதையே பேஸுக்குக் கொடுக்கிறேன். மறுநாள் வேலையைத் தொடங்குமுன் நேற்றைய கல் ஒன்றை ரோவரால் தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் ரேடியோ தூரம் வெட்டவெளிக்கானது. தென்னந்தோப்பில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. ஆண்டெனாவை இரண்டு ஆள் உயரம் ஏற்றினால் வித்தியாசம் உடனே தெரியும்.

2024 மார்ச்சில் போக்குவரத்துக்குப் பயந்து ஒரு சாலையை இரவில் அளந்தோம். எட்டு மணிக்கு ஃபிக்ஸ் போய்விடும். பத்தரைக்கு மேல்தான் வரும். ரேடியோ, கேபிள் என்று மூன்று இரவு சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், கோளாறு வானத்தில். புவிகாந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் போகிறது. சூரியன் மறைந்த பிறகு இங்கே மேல்வானில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனிமண்டலம் குழம்பி, செயற்கைக்கோள் சிக்னல் துடிக்கத் தொடங்கும். மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் அதிகம். அந்த ஆண்டு சூரியனும் உச்சத்தில் இருந்தது. பிறகு சாலை வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டோம்.

இப்போது இந்திய நில அளவைத் துறையின் நிரந்தர நிலையங்களிலிருந்து இணையம் வழியாகவே திருத்தம் கிடைக்கிறது. ஒரு சிம் போதும், பேஸ் வேண்டாம். ஊருக்குள் அதுதான் வசதி. பாபநாசம் மலையடிவாரத்தில் செல்பேசி சிக்னல் அறுந்த இடங்களுக்கு மட்டும் பழைய பேஸ் கூட வருகிறது, ஒரு காலைச் சைக்கிள் டியூபால் கட்டிய முக்காலியோடு.